பறிமுதல் பணத்தின் பங்குதாரர்: அமெரிக்கக் கூட்டாட்சிப் பங்கீட்டுத் திட்டமும் உள்ளூர்க் காவல்துறையும் (1789–2024)

ஆய்வுச் சுருக்கம்

குற்றத்தோடு தொடர்புடையதெனக் கருதப்படும் சொத்தை அரசு பறிமுதல் செய்வது பழைய வழக்கம். அவ்வாறு பறித்த சொத்தின் பயன் யாரைச் சேர வேண்டும் என்னும் வினாவும் அதே அளவு பழையது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1789ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அலுவலர்க்குப் பங்களித்தது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் பங்கீட்டை வேறொரு வடிவில் மீட்டது. இம்முறை பங்கு பெற்றது தனி அலுவலர் அன்று. அவர் பணியாற்றும் துறை. இம்மாற்றத்தின் வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, பறிமுதல் பணத்தைப் பள்ளிகளுக்கு உரிமையாக்கிய வட கரோலினா, மிசூரி மாநிலங்களின் அனுபவத்தை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. பங்கீட்டுத் திட்டம் குற்றத்தடுப்புக் கருவியாக மட்டும் அமையாமல், மக்கள் பேராளர் மன்றங்களின் நிதி அதிகாரத்தைக் கடந்து செல்லும் வழியாகவும் அமைந்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பறிமுதல், உரிமையியல் பறிமுதல், நியாயப் பங்கீடு, தத்தேற்பு, சுங்கச் சட்டம், கூட்டாட்சி, காவல்துறை நிதி.

முன்னுரை

காவல்துறையின் செலவை யார் ஏற்பது என்னும் வினா நிர்வாக வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அரசியல் வினாவேயாகும். வரிப்பணத்தில் இயங்கும் துறை, வரி விதிக்கும் மன்றத்திற்குக் கட்டுப்பட்டது. தன் வருவாயைத் தானே ஈட்டிக்கொள்ளும் துறை அக்கட்டுப்பாட்டிலிருந்து ஓரளவு விலகி நிற்கிறது. அமெரிக்காவில் 1984க்குப் பின் உள்ளூர்க் காவல் நிலையங்களும் ஷெரிப் அலுவலகங்களும் இந்த இரண்டாம் நிலையை நோக்கி நகர்ந்தன. அதற்கு வழிவகுத்தது ‘நியாயப் பங்கீடு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் கூட்டாட்சித் திட்டமாகும்.

இத்திட்டம் குறித்த விவாதம் பெரும்பாலும் சொத்துரிமையை மையமிட்டே நிகழ்ந்துள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் பணத்தையோ வாகனத்தையோ அரசு எடுத்துக்கொள்ளலாமா என்பது அவ்விவாதத்தின் வினா. பறித்த பணத்தைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் யாருக்குரியது என்பது அதனினும் குறைவாகவே கவனிக்கப்பட்டது. இக்கட்டுரை அந்த இரண்டாம் வினாவை முதன்மைப்படுத்துகிறது.

பறிமுதலின் இரு வழிகள்

இங்கு இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளுதல் தேவை. கைப்பற்றல் என்பது அலுவலர் ஒரு பொருளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. பறிமுதல் என்பது அப்பொருளின் உரிமை சட்டப்படி அரசுக்கு மாறுவது. பறிமுதலிலும் இரு வகை உண்டு. குற்றவியல் பறிமுதல், குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரின் தண்டனையில் ஒரு பகுதி. உரிமையியல் பறிமுதல், பொருளையே எதிர்வாதியாக்கித் தொடரப்படும் வழக்கு. பின்னதில் உரிமையாளர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவர்மீது வழக்கு இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பொருள்மீது வழக்குத் தொடரும் மரபு கடல்சார் சட்டத்திலிருந்து வந்தது. கப்பலின் உரிமையாளர் வேற்று நாட்டில் இருப்பார். கப்பலும் சரக்கும் மட்டுமே நீதிமன்றத்தின் கைக்கு எட்டும். ஆகவே கப்பலே குற்றம் இழைத்ததாகக் கொள்ளப்பட்டது. 1827ஆம் ஆண்டுப் பால்மைரா வழக்கில், உரிமையாளர்க்குத் தண்டனை கிடைத்த பின்னரே கப்பலைப் பறிக்கலாம் என்னும் வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடலோடிகளின் சூழலுக்கென எழுந்த இக்கோட்பாடு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்ட மகிழுந்துகளுக்கும் அவற்றிலிருந்த ரொக்கத்திற்கும் பொருந்துவதாயிற்று.

பாதிப் பங்கும் அதன் ஒழிப்பும்

1789 ஜூலை 31ஆம் நாள் நிறைவேறிய சுங்கச் சட்டம் புதிய குடியரசின் முதற் சட்டங்களுள் ஒன்று. அபராதத்திலும் பறிமுதலிலும் கிடைப்பதில் பாதியைக் கருவூலத்திற்கும் மறுபாதியைத் துறைமுகத்தின் சுங்க உயர் அலுவலர்க்கும் அது ஒதுக்கியது. துப்புக் கொடுத்தவர் இருப்பின் அந்த மறுபாதியில் அவர்க்கும் பங்கு உண்டு. போதிய ஊதியம் தர இயலாத இளைய அரசுக்கு இது மலிவான ஏற்பாடாக அமைந்தது. சுங்க வரியே அரசின் தலையாய வருவாயாக இருந்ததால், அதை ஏய்ப்பவரைப் பிடிக்க அலுவலர்க்கு ஊக்கம் அளிப்பது இயல்பானதாகவும் கருதப்பட்டது.

உள்நாட்டுப் போருக்குப் பின் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் வெளிப்பட்டது. நியூயார்க்கின் பெரும் வணிக நிறுவனமான பெல்ப்ஸ் டாட்ஜ், இறக்குமதி மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டது. வழக்கைத் தவிர்க்க அந்நிறுவனம் 2,71,000 டாலருக்குச் சற்று மிகுதியான தொகையைச் செலுத்தியது. அரசு இழந்ததாகச் சொல்லப்பட்ட வரியோ அத்தொகையுடன் ஒப்பிட மிகச் சிறியது. செலுத்திய தொகையில் பங்கு பெற்றோருள் நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைவராயிருந்த செஸ்டர் ஆர்தரும் ஒருவர். பின்னாளில் 1881இல் அவர் குடியரசுத் தலைவரானார். பங்குகளையும் சேர்த்து அவரது ஆண்டு வருமானம் குடியரசுத் தலைவரின் ஊதியத்திற்கு இணையாக, ஏறத்தாழ 50,000 டாலராக இருந்தது. அதே காலத்தில், நிலுவை வரியைத் தண்டும் ஒப்பந்தம் பெற்ற ஜான் சேன்பார்ன், தண்டிய ஏறத்தாழ 4,27,000 டாலரில் பாதியைத் தமக்கு எடுத்துக்கொண்டது அம்பலமாகிக் கருவூலச் செயலர் வில்லியம் ரிச்சர்ட்சன் பதவி விலக நேர்ந்தது.

1874 ஜூனில் காங்கிரஸ் சுங்க அலுவலரின் பாதிப் பங்கை ஒழித்து நிலையான ஊதியத்தை வகுத்தது. அமெரிக்க நிர்வாக வரலாற்றில் இது தனி நிகழ்வன்று. கட்டணத்தாலும் பங்காலும் வாழ்ந்த அலுவலர் ஊதியம் பெறும் அலுவலராக மாறிய நெடிய மாற்றத்தின் ஒரு கட்டம் அது. அம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த நிக்கோலஸ் பரில்லோவின் நூல் (2013), இலாப நோக்கு நீங்கியதே குடிமக்கள் அரசின்பால் நம்பிக்கை கொள்ள வழிவகுத்தது என வாதிடுகிறது.

இதே கருத்து நீதிமன்றத்திலும் ஒலித்தது. மதுவிலக்குக் காலத்தில் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மேயர், நீதிபதியாகவும் அமர்ந்து, தண்டனை விதித்தால் மட்டுமே தமக்குக் கட்டணம் கிடைக்கும் முறையில் மது வழக்குகளை விசாரித்தார். 1927ஆம் ஆண்டு டூமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உரிய சட்டநெறிக்கு மாறானதென அறிவித்தது. எனினும் 1980ஆம் ஆண்டு மார்ஷல் எதிர் ஜெரிக்கோ வழக்கில், நீதிபதிக்குரிய கண்டிப்பான அளவுகோல் சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலர்க்கு அவ்வாறே பொருந்தாது என அதே நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை மீறியோரிடம் பெற்ற அபராதம், அதை விதித்த துறைக்கே செலவு ஈடாகத் திரும்பியது. நீதிபதியின் கையில் இலாபம் கூடாது; துறையின் கையில் இருக்கலாம் என்னும் இவ்வேறுபாடு, நான்கு ஆண்டுகளில் வரவிருந்த சட்டத்திற்கு இடமளித்தது எனலாம்.

1984: பங்கீடு மீள்தல்

1970ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் போதைப்பொருளையும் அதைச் செய்யும் கருவிகளையும் கடத்தும் வாகனங்களையும் பறிமுதலுக்கு உள்ளாக்கியது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் விற்பனையில் கிடைத்த பணத்தையும் சேர்த்தது. அதுவரை பறிமுதலின் வருவாய் கருவூலத்தின் பொது நிதிக்கே சென்றது.

1984 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ரீகன் ஒப்பமிட்ட விரிவான குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் மூன்று மாற்றங்களைச் செய்தது. முதலாவது, போதைப்பொருள் குற்றத்திற்குப் பயன்பட்ட நிலமும் வீடும் பறிமுதலுக்கு உட்பட்டன. இரண்டாவது, பறிமுதல் வருவாய் சேர்வதற்கென நீதி அமைச்சகத்தில் தனி நிதியம் அமைந்தது. மூன்றாவது, கைப்பற்றலில் நேரடியாகப் பங்கேற்ற மாநில, உள்ளூர்ச் சட்டச் செயலாக்க அமைப்புகளுக்கு வருவாயில் பங்கு அளிக்க அட்டர்னி ஜெனரல் அதிகாரம் பெற்றார். இம்மூன்றாம் கூறே நியாயப் பங்கீடு.

பங்கீடு இரு வழிகளில் நிகழ்ந்தது. கூட்டாட்சி முகமைகளும் உள்ளூர்க் காவலரும் இணைந்து நடத்தும் கூட்டுப் புலனாய்வில், அவரவர் உழைப்பிற்கேற்பப் பங்கு வகுக்கப்பட்டது. மற்றொன்று தத்தேற்பு: உள்ளூர்க் காவலர் தாமே கைப்பற்றிய சொத்தைக் கூட்டாட்சி முகமையிடம் ஒப்படைப்பர், முகமை அதைத் தன் வழக்காக ஏற்றுக் கூட்டாட்சிச் சட்டப்படி பறிமுதல் செய்து, 80 விழுக்காடு வரை உள்ளூர்த் துறைக்குத் திருப்பியளிக்கும். இப்பணம் ஏற்கெனவே உள்ள நிதி ஒதுக்கீட்டுக்கு மாற்றாக அமையக் கூடாது, கூடுதலாகவே அமைய வேண்டும் என்பது விதி.

திட்டத்தை ஆதரித்தோரின் வாதம் வலுவற்றதன்று. போதைப்பொருள் கும்பலின் தலைவர் சிறை சென்றாலும் அவரது செல்வம் கும்பலை இயக்கிக்கொண்டே இருக்கும். அச்செல்வத்தைப் பறிப்பதே கும்பலை முடக்கும். ஆள்பலம் உள்ளூர்த் துறைகளிடமும் சட்டபலம் கூட்டாட்சி முகமைகளிடமும் இருந்தன. இரண்டையும் இணைக்கப் பங்கீடு உதவும். குற்றவாளியின் பணத்தாலேயே குற்றத்தைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் இரு கட்சியினரையும் ஈர்த்தது. நிதியத்தின் வளர்ச்சி இதன் விளைவைக் காட்டும். 1986இல் நீதி அமைச்சக நிதியத்தில் சேர்ந்த தொகை 9.37 கோடி டாலர்; 2014இல் அது ஏறத்தாழ 450 கோடி டாலர். பெரும் நிதி மோசடி வழக்குகளின் தொகையும் பின்னதில் அடங்கும் என்பதைக் கருத்தில் கொண்டாலும், வளர்ச்சியின் அளவு வியப்பிற்குரியது.

பள்ளிகளின் பணம்

வட கரோலினா மாநில அரசமைப்பின் ஒன்பதாம் உறுப்பு, மாநிலச் சட்டப்படி தண்டப்படும் அபராதம், பறிமுதல் ஆகியவற்றின் நிகர வருவாய் அந்தந்த மாவட்டத்தின் பொதுப் பள்ளிகளுக்கே உரியது என விதிக்கிறது. மிசூரி அரசமைப்பின் ஒன்பதாம் உறுப்பும் அவ்வாறே. இவை 19ஆம் நூற்றாண்டின் சிந்தனையில் வேர்கொண்டவை. தண்டம் விதிப்பவர் கையில் தண்டப்பணம் தங்கலாகாது. அது பொதுநலத்திற்குச் செல்ல வேண்டும் என்பது அச்சிந்தனை. 1874ஆம் ஆண்டுச் சட்டத்தின் உணர்வும் இதுவே.

தத்தேற்பு இவ்விதிகளைப் பயனற்றதாக்கியது. மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பறித்தால் பணம் பள்ளிக்கு. கூட்டாட்சியின் வழியே பறித்தால் பெரும்பகுதி காவல்துறைக்கு. கைப்பற்றியவர் அதே காவலர், இடம் அதே தெரு, பணம் அதே பணம். மாறியது வழக்கு நடந்த மன்றம் மட்டுமே.

காங்கிரஸ் இதை அறியாதிருக்கவில்லை. 1988ஆம் ஆண்டுப் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மாநிலச் சட்டத்தின் தடையைக் கடக்கும் நோக்கில் சொத்து மாற்றப்படவில்லை என்பதை அட்டர்னி ஜெனரல் உறுதிசெய்ய வேண்டும் என்றது அவ்விதி. காவல்துறை அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. விதி நடைமுறைக்கு வருமுன்னரே 1989இல் நீக்கப்பட்டது. திட்டத்தின் வரலாற்றில் இது தீர்க்கமான கட்டம். மாநிலச் சட்டம் கடக்கப்படுவது எதிர்பாரா விளைவு என்று அதன்பின் கூற இயலாது. அது தெரிந்தே ஏற்கப்பட்ட விளைவாயிற்று.

அடுத்த ஆண்டே வினா நீதிமன்றம் ஏறியது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம், போர்சைத் மாவட்டக் கல்வி வாரியம், உள்ளூர்க் காவலர் கைப்பற்றிக் கூட்டாட்சியிடம் ஒப்படைத்த பணத்திற்கு உரிமை கோரியது. நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. மிசூரியில் அதே ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் உரிமையை நிலைநாட்டியது. ஆயினும் அத்தீர்ப்பு மாநிலச் சட்டத்தின்கீழ் நிகழும் பறிமுதலையே கட்டுப்படுத்தும். காவல்துறைகள் கூட்டாட்சி வழியை நாடின. 1993இல் மிசூரிச் சட்டமன்றம், கைப்பற்றிய சொத்தைக் கூட்டாட்சியிடம் மாற்றுவதற்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் எனச் சட்டமியற்றியது. அதன் பின்னரும் மாற்றம் நிற்கவில்லை என்பதை 2000ஆம் ஆண்டில் கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழின் ஆய்வுத்தொடர் வெளிப்படுத்தியது.

யூட்டா மாநிலத்தின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டு அம்மாநில வாக்காளர், பறிமுதல் வருவாயைப் பள்ளிகளுக்கு ஒதுக்கும் முன்மொழிவைப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றினர். 2004இல் சட்டமன்றமே அதைத் திருத்திப் பணம் மீண்டும் சட்டச் செயலாக்கத்திற்குச் செல்ல வழிசெய்தது. கூட்டாட்சிப் பங்கீட்டை இழப்போம் என்னும் அச்சம் மாநில மன்றங்களின் முடிவையே வளைக்கும் ஆற்றல் பெற்றிருந்தது என இதனால் அறியலாம்.

நெடுஞ்சாலையும் நிதி இலக்கும்

ஊக்கம் நடத்தையை எவ்வாறு மாற்றியது என்பதற்குச் சான்றுகள் விரைவிலேயே கிடைத்தன. 1990இல் நீதி அமைச்சகம் தன் வழக்கறிஞர்களுக்கு அனுப்பிய செய்தி, ஆண்டு நிதி இலக்கை எட்டும்பொருட்டுப் பறிமுதலைப் பெருக்குமாறு வற்புறுத்தியது. வீடு, நிலங்களைக் கைப்பற்றுமுன் உரிமையாளர்க்கு அறிவிப்பும் விசாரணையும் பொதுவாக வேண்டும் என 1993இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இச்செய்தியைத் தன் அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டியது. அரசுக்கு இதில் நேரடி நிதி நலன் உண்டு என்பது அதன் கருத்து.

புளோரிடாவின் வலூசியா மாவட்டத்தில் ஷெரிப்பின் தனிப்படை 1989 முதல் மூன்று ஆண்டுகளில் 95ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 லட்சம் டாலரைக் கைப்பற்றியது. ஒர்லாண்டோ சென்டினல் நாளிதழ் 1992இல் இவ்வழக்குகளை ஆராய்ந்தது. பணத்தை இழந்தோருள் பத்தில் ஒன்பதுபேர் கறுப்பினத்தவர் அல்லது இலத்தீன் அமெரிக்க வழியினர். நான்கில் மூவர்மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. மறு ஆண்டு இத்தொடர் புலனாய்வு இதழியலுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. பணம் எடுத்துச் செல்லும் திசையையே காவலர் மிகுதியும் கண்காணித்தனர் என்னும் கருத்து இதன்பின் ஆய்வுலகில் வலுப்பெற்றது. போதைப்பொருள் நகருக்குள் வருமுன் பிடித்தால் பொருளை அழிக்க வேண்டும். விற்று முடித்துத் திரும்பும்போது பிடித்தால் ரொக்கம் கிடைக்கும்.

எரிக் புளூமென்சன், ஈவா நில்சன் ஆகியோர் 1998இல் சிகாகோ பல்கலைக்கழகச் சட்ட இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விமர்சனத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. 2001இல் ஜான் வொரால் வெளியிட்ட ஆய்வில், பெரிய காவல்துறைகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடு பறிமுதல் வருவாயைத் தம் நிதிக்குத் தேவையான துணை எனக் கூறின. பெய்க்கர், ஜேக்கப்சன் ஆகிய பொருளியலாளர் 2007இல் மற்றொரு விளைவைக் காட்டினர்: காவல்துறை பறிமுதலால் ஈட்டும்போது உள்ளூர் அரசுகள் தம் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்கின்றன. மாற்றாக அமையலாகாது என்னும் விதி ஏட்டளவில் நின்றது. ஹோல்கம், கோவாண்ட்சிக், வில்லியம்ஸ் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வோ, மாநிலச் சட்டம் கடுமையாகவும் ஆதாயம் குறைவாகவும் உள்ள இடங்களில் காவல்துறைகள் கூட்டாட்சிப் பங்கீட்டை மிகுதியாக நாடுகின்றன எனக் கண்டது. வட கரோலினாவிலும் மிசூரியிலும் தனி நிகழ்வுகளாகத் தெரிந்தது நாடளாவிய போக்கு என்பதை அது உறுதிப்படுத்தியது.

சீர்திருத்தமும் அதன் எல்லையும்

2000ஆம் ஆண்டு உரிமையியல் பறிமுதல் சீர்திருத்தச் சட்டம், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஹென்றி ஹைடின் பல்லாண்டு முயற்சியால் நிறைவேறியது. சொத்து குற்றத்தோடு தொடர்பற்றது என உரிமையாளர் மெய்ப்பிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, மெய்ப்பிக்கும் சுமையை அது அரசின்மீது வைத்தது. குற்றமறியா உரிமையாளர்க்குப் பாதுகாப்பையும் விரிவாக்கியது. ஆனால் பணம் யாருக்குச் செல்லும் என்பதை அச்சட்டம் தொடவில்லை.

2014இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட ஆய்வு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பங்கீட்டுத் திட்டத்தின் வழியே ஆணையோ குற்றச்சாட்டோ இன்றி 61,998 ரொக்கக் கைப்பற்றல்கள் நிகழ்ந்தன எனவும், அவற்றின் மதிப்பு 250 கோடி டாலருக்கு மேல் எனவும் கணக்கிட்டது. 2015 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் தத்தேற்பைப் பெரும்பாலும் தடைசெய்தார். கூட்டுப் புலனாய்வுகள் விலக்குப் பெற்றமையால் பங்கீடு தொடர்ந்தது. 2017 ஜூலையில் அவருக்குப் பின்வந்த ஜெப் செஷன்ஸ் தத்தேற்பை மீட்டார். நிர்வாக ஆணையால் வந்த கட்டுப்பாடு நிர்வாக ஆணையாலேயே நீங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் நீதி அமைச்சகத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் தம் அறிக்கையில், ஆய்வுக்கு எடுத்த 100 ரொக்கக் கைப்பற்றல்களுள் 44 மட்டுமே குற்றப் புலனாய்வோடு தொடர்புற்றதாக உறுதிசெய்ய முடிந்தது எனக் குறிப்பிட்டிருந்தார்.

மாநிலங்களும் தம் வழியைத் தேடின. நியூ மெக்சிகோ 2015இல் உரிமையியல் பறிமுதலை ஒழித்து, வருவாயைப் பொது நிதியில் சேர்த்ததோடு, 50,000 டாலருக்குக் குறைந்த சொத்தைக் கூட்டாட்சியிடம் மாற்றுவதையும் தடுத்தது. மூன்றாம் விதி இன்றி முதலிரண்டும் நிலைபெறா என்பதை மிசூரியின் அனுபவம் கற்பித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு டிம்ஸ் எதிர் இண்டியானா வழக்கில், மிகை அபராதத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என ஒருமனதாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு கல்லி எதிர் மார்ஷல் வழக்கிலோ, கைப்பற்றிய வாகனத்தை வைத்துக்கொள்ளத் தனித் தொடக்க விசாரணை தேவையில்லை எனப் பெரும்பான்மையர் கூறினர். அத்தீர்ப்புக்கு உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி கோர்சச், இன்றைய நடைமுறை பழைய கடல்சார் மரபோடு ஒத்ததுதானா என வினவினார். துறைகள் பெறும் ஆதாயத்தையும் சுட்டினார்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுபவை மூன்று. ஒன்று, 1874இல் ஒழிந்தது தனி அலுவலரின் பங்கே; பங்கு என்னும் ஊக்கம் 1984இல் துறையின் பெயரால் மீண்டது. அலுவலரின் சட்டைப்பைக்குப் பணம் செல்லாததால் பழைய ஊழல் திரும்பவில்லை என்பது உண்மை. ஆயினும் எதைத் தேடுவது, யாரை நிறுத்துவது என்னும் முடிவுகளில் வருவாய் நோக்கு இடம்பெற்றது. இரண்டு, மெய்ப்பிக்கும் சுமை, விசாரணை, மிகை அபராதம் பற்றிய சீர்திருத்தங்கள் உரிமையாளரைக் காத்தன. பணத்தின் போக்கை அவை மாற்றவில்லை. மூன்று, திட்டத்தின் ஆழமான விளைவு மாநில மக்களின் நிதி அதிகாரத்தில் நிகழ்ந்தது. பறிமுதல் பணம் பள்ளிக்கே உரியது எனத் தம் அரசமைப்பில் எழுதிய மக்களின் முடிவை, அம்மக்களின் காவல்துறையே கூட்டாட்சியின் துணையோடு கடக்க முடிந்தது.

ஆகவே பங்கீட்டை மதிப்பிடுவோர், பறிக்கப்பட்டவர் குற்றவாளியா என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. அவர் ஐயமற்ற குற்றவாளியாகவே இருப்பினும், அவரிடமிருந்து பெற்ற பணத்தைச் செலவிடுவது யார், அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தது யார் என்பவை தனித்த வினாக்கள். வட கரோலினாவின் கல்வி வாரியம் 1990இல் எழுப்பியது அவ்வினாவையே. வழக்கில் அவ்வாரியம் தோற்றது. வினா இன்றும் விடைபெறாமல் நிற்கிறது.